பெரியவளின் கதவுக் குமிழ்

கதவுக்கு ஒரு ஹேண்டில் வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால், இரும்புச் சாமான் கடையில் பூட்டு, தாழ்ப்பாள் விற்கும் பூட்டக்கா உடனே அலமாரிப் பக்கம் திரும்பிவிடமாட்டாள். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இப்ப நீங்க உங்க வீட்டுக் கதவுக்கு முன்னாடி நிக்கறீங்க. திறங்க, பாப்போம்" என்பாள்.

வந்தவர் விழிப்பார். பின்னால் யாராவது பார்த்துச் சிரிக்கிறார்களா என்று ஒரு நோட்டம் விடுவார். பிறகு வெட்கத்தோடு கையைத் தூக்கிக் காற்றில் ஒரு கதவைத் திறப்பார். அவளுக்கு அது போதும். கை வலப்பக்கம் போனால் கீல் இடப்பக்கம். உள்ளங்கை குவிந்து சுழன்றால் உருண்டைக் குமிழ். நாலு விரல் கீழே அழுந்தினால் நீளக் கைப்பிடி. தோளும் கூடவே முன்னால் போனால் கதவு உள்ளே திறக்கிறது, நிலையில் கொஞ்சம் இடிக்கவும் செய்கிறது, கைப்பிடி வாங்குவதற்கு முன் தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தை இழைக்க வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் வலதை இடது என்பார்கள். வாங்கிப்போய் மாட்டிவிட்டு, கைப்பிடி ஆகாயத்தைப் பார்த்து நிற்கிறது என்று மறுநாளே தூக்கிக்கொண்டு வருவார்கள். கையைக் கேட்டால் தப்பு வராது. இருபத்தாறு வருடமாக அவள் கையைத்தான் கேட்டுவந்தாள்.

ஒருமுறை நடுத்தர வயதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். திறந்து காட்டுங்கள் என்றதும் அவர் இடப்பக்கம் கை நீட்டினார், அந்த அம்மாள் வலப்பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான்.

"இத்தனை வருஷமா எந்த வீட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு இருக்கீங்க நீங்க?" என்று அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்னிக்கு வலது இடது தெரிஞ்சிருக்கு?" என்றார் அவர்.

பூட்டக்கா இருவரையும் கையமர்த்தினாள். "சண்டை வேணாம். ரெண்டு பேரும் சரிதான். அம்மா வெளியே இருந்து உள்ளே வர்றாங்க. சார் உள்ளேயிருந்து வெளியே கிளம்பறார்."

"அதானே! வீட்டைச் சொன்னாலே கிளம்பற கைதானே அது!" என்றாள் அந்த அம்மாள். கடையே சிரித்தது. எதிர் மூலையில் ஆணி, திருகாணி, கொக்கியெல்லாம் எடைபோட்டுக் கொடுக்கும் ஆணியண்ணன் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவளுக்கு இன்னொரு விதியும் உண்டு. கதவு பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டது என்று தலைதெறிக்க ஓடிவருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "குமிழைத் திருப்பிப் பாத்தீங்களா?" என்பதுதான். ஒரு நாள் ஒரு மனிதர் செருப்பு கூட இல்லாமல் வந்தார். அடுப்பில் பால், உள்ளே யாருமில்லை, காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது, கடப்பாரை கொடுங்கள் என்றார். "திருப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்தேன்னு நினைக்கறேன்" என்றார். "நினைக்க வேணாம், போய்த் திருப்புங்க. திறக்கலைன்னா நானே கூட வர்றேன்." கால்மணி நேரம் கழித்து அவர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். தேவையே இல்லாத ஒரு தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவள் இந்தக் கடைக்கு வந்தது பில் போடுவதற்கு. வணிகவியல் படித்திருந்தாள். பூட்டுப் பகுதியில் நின்ற ஆள் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவேயில்லை. கூட்டம் நெரிந்தது. முதலாளி அவளைப் பார்த்து, "நீ போய் நில்லும்மா, ஒரு நாள்தான்" என்றார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. முதல் வாரம் தெருக்கதவுக்குக் கேட்டவருக்குக் குளியலறைப் பூட்டைக் கொடுத்து அனுப்பினாள். வாங்கிப்போனவர் வந்து, "ஊசி வச்சிருக்கற எவனும் என் வீட்டுக்குள்ள வந்துடலாமே அம்மா!" என்று கத்தினார். அன்று மாலை மாதிரிப் பூட்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தரையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எதிரே உட்கார்ந்து, பெட்டிக்குள் இருந்த துண்டுக் காகிதத்தைக் கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பது மாதிரி வாசித்தது பெரியவள்.

பெரியவள் என்பது அவளுடைய அக்கா. ஏழு வயது மூத்தவள். வீட்டில் அப்பா அம்மா இருந்தபோது அவளைப் பெரியவள், இவளைச் சின்னவள் என்று கூப்பிட்டதே நிலைத்துவிட்டது. பெரியவள் கோர்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். அன்று அவள் வாசித்து விளக்கித்தான் இவளுக்குப் பிடிபட்டது. வெளியே சாவித்துளையும் உள்ளே அழுத்தும் பொத்தானும் இருந்தால் படுக்கையறைக்கு. பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால் வெளியே சாவி வேண்டும். வெளியே ஒரு சின்னத் துளை மட்டும் இருந்தால் குளியலறைக்கு. உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடலாம். இரண்டும் இல்லாதது சும்மா சாத்தி வைக்கும் கதவுக்கு. இதெல்லாம் போக, திரும்பவே திரும்பாத குமிழ் ஒன்று உண்டு. அலமாரிக் கதவில் திருகிவைத்துப் பிடித்து இழுப்பதற்கு.

"இது நம்ம ஆபீஸ் சூப்பிரண்டு மாதிரி. இருக்கும், அசையாது" என்றாள் பெரியவள். அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அப்பா அம்மா போன பிறகு, தம்பி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, மாடியில் இருந்த அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். முன்னறை, சமையலறை, உள்ளே பெரியவளின் அறை. சின்னவள் முன்னறையில் படுத்துக்கொள்வாள். பெரியவளின் அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. சின்னவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது ஒரு நாள், எதையோ சொல்ல ஓடி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெரியவள் தரையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தது அப்போது சின்னவளுக்குத் தெரியாது. பெரியவள் நிமிர்ந்து, "தட்டாம வராதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு சின்னவள் தட்டாமல் போனதில்லை. தட்டினால், "இரு, வந்துட்டேன்" என்று குரல் வரும். பெரியவளே வந்து திறப்பாள்.

முப்பத்தொரு வருடம் டைப் அடித்த கைகள். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மணிக்கட்டுகள் வீங்கத் தொடங்கின. விரல்கள் மடங்கிய இடத்தில் மடங்கியபடியே நின்றன. தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடித்தாள். சின்னவள் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்த உருண்டைக் குமிழ்களையெல்லாம் கழற்றி நீளக் கைப்பிடிகளாக மாற்றினாள். நீளக் கைப்பிடிக்கு விரல் வேண்டாம், முழங்கையால் அழுத்தினாலே போதும். கடைசியாகப் பெரியவளின் அறைக் கதவுக்கு வந்தபோது, "அதுல கை வைக்காதே. அது இருந்தபடி இருக்கட்டும்" என்றாள் பெரியவள்.

"ஊருக்கெல்லாம் நான் ஹேண்டில் குடுக்கறேன். என் வீட்டுல இப்படி ஒரு வீம்பு."

"உன் கடையில சொல்லு போ. இது என் ரூம்."

சின்னவளுக்குக் கோபம் வந்தது. திருப்புளியைப் போட்டுவிட்டு எழுந்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சே எழவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரியவள் கதவு திறக்க நேரமாக்கத் தொடங்கினாள். சின்னவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்த் தட்டுவாள். "இரு, வந்துட்டேன்." இவள் நிற்பாள். டீயில் ஆடை படியும். "ராணியம்மா தரிசனம் இன்னிக்கா, நாளைக்கா?" என்பாள். உள்ளே ஏதோ உரசும் சத்தம் கேட்கும். "ஆறிப்போச்சுன்னா மறுபடி சுடவைக்க மாட்டேன், சொல்லிட்டேன்!" என்பாள். ஒருவழியாகக் கதவு திறக்கும். பெரியவள் முகத்தில் வியர்வை பூத்திருக்கும். ஒன்றும் நடக்காதது போல டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

இன்னொரு சின்ன விஷயம். பூட்டுப் பெட்டிகளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வரும். கடையில் குப்பையில் போவதைச் சின்னவள் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். அது குறைந்துகொண்டே போனது.

"ரப்பர் பேண்டைத் தின்னுறியா என்ன?"

"தலைமுடிக்குக் கட்டறேன்" என்றாள் பெரியவள். அவள் முடியைக் கிராப்பாக வெட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை பெரியவளுக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர். வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. பெரியவள் அறையைவிட்டு வெளியே வந்து, கதவை மணிக்கட்டுகளால் இழுத்துச் சாத்தினாள். சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது. "பூட்டிட்டேன். வந்து நானே திறந்துக்கறேன். நீ அங்க ஒண்ணும் நோண்டாதே" என்றாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் ஒரு நர்ஸ், கண்ணாடி, சீப்பு, கைப்பை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சின்னவளிடம் கொடுத்தாள்.

சாவி அதில்தான் இருந்தது. சின்னவள் அதை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சாவி இல்லாவிட்டாலும் அந்தப் பூட்டைத் திறக்க அவளுக்கு அரை நிமிஷம் ஆகாது. அவள் விற்ற பூட்டுகளை வரிசையாக அடுக்கினால் தெருமுனை வரைக்கும் போகும். ஆனால் 'நானே திறந்துக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவளின் வேலை அது. அதை இவள் செய்துவிட்டால் அவள் வரமாட்டாள் என்பது முடிந்துபோகும். முடிந்துதான் போயிற்று என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாரத்துக்கொருமுறை வீட்டிலிருக்கும் கைப்பிடிகளையெல்லாம் துடைத்தவள், அந்தக் குமிழை மட்டும் தொடவில்லை. அந்த அறை வாசல் வரை பெருக்கித் திரும்பிவிடுவாள். சில நாள் கை தன்பாட்டில் இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிடும். ஒன்றைத் திரும்ப வைக்கும்போது சத்தம் வராமல் வைப்பாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிடுவாள். கடையில் நாள் முழுக்கப் பேசிச் சிரித்துவிட்டு வந்து, வீட்டுக்குள் காலை வைத்ததிலிருந்து மறுநாள் வெளியே போகும்வரை ஒரு சொல் பேசாத நாட்கள் உண்டு.

மூன்று வாரத்துக்கு முன் தம்பி போன் செய்தான். மகளுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"சின்னக்கா, இன்னும் மூணு வாரத்துல, ஞாயித்துக்கிழமை பாப்பாவை அனுப்பறேன். பெரியக்கா ரூம்ல இருந்துக்கட்டும். உனக்கும் துணையாச்சு. ரூமைத் திறந்து காத்தாட விட்டியா?"

"பூட்டு மக்கர் பண்ணுதுடா. மாத்தணும்."

"உனக்கே பூட்டு மக்கரா!" என்று சிரித்தவன், சட்டென்று நிறுத்திக்கொண்டான். "சரிக்கா. மெதுவா மாத்து."

மெதுவாகத்தான் நாட்கள் போயின. போய்ப் போய்ச் சனிக்கிழமை வந்து நின்றது. மறுநாள் பாப்பா வருகிறாள்.

அன்று கடையில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், பூட்டக்கா அலமாரியைப் பார்த்தபடி, "ஆணியண்ணே, அக்கா ரூம் பூட்டு மக்கர் பண்ணுது. ஒரு ஹேண்டில் செட் எடுத்து வைங்க. சாயங்காலம் போய் மாட்டறேன்" என்றாள்.

ஆணியண்ணன் ஏணியில் ஏறினார். பெட்டிகளைத் துழாவிவிட்டுக் கீழே பார்த்தார். "எந்தக் கை?"

அவள் வாயைத் திறந்தாள். வலது என்று வந்தது. இல்லை, இடதோ என்று தோன்றியது. அறைக் கதவுதானே, எத்தனை ஆயிரம் தடவை பார்த்த கதவு. கதவு தெரிந்தது, குமிழ் எந்தப் பக்கம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

"சரியாப் போச்சு. பூட்டக்காவுக்கே தெரியலையா?" ஆணியண்ணனுக்குக் குஷி வந்துவிட்டது. ஏணியிலிருந்து இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றுவது போல் பாவனை செய்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. இப்ப உங்க வீட்டுக் கதவுக்கு முன்னாடி நிக்கறீங்க. திறங்க, பாப்போம்!"

அவளும் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றாள். கண்ணை மூடினாள். கை எழுந்தது.

எழுந்த கை பக்கவாட்டில் போகவில்லை. நேராக மார்பு உயரத்துக்கு வந்து, விரல்கள் மடங்கி, காற்றில் இரண்டு தடவை தட்டியது. தட்டிவிட்டு நின்றது.

ஆணியண்ணன் காத்திருந்தார். "அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. அந்தக் கைக்கு அதற்குமேல் தெரியாது. முப்பது வருடத்தில் ஒரு தடவை கூட அவள் அந்தக் குமிழை வெளியிலிருந்து திருப்பியதில்லை. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. ஆணியண்ணன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் ஏணியை எடுத்து ஓரமாக வைக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர், திரும்பாமலே.

மத்தியான நேரத்தில் தன் வீட்டை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. முன்னறைத் தரையில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. சமையலறை அலமாரியிலிருந்து சாவியை எடுத்தாள். பெரியவளின் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். குமிழ் வலப்பக்கம் இருந்தது. இதைத்தான் மறந்தாளா!

தட்டினாள். இரண்டு தடவை. தட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தட்டினாள். நின்றாள். டீயில் ஆடை படியும் நேரம் நின்றாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

சாவியைத் துளைக்குக் கொண்டுபோனாள். குமிழ் ஆடாமல் இருக்க இடது கையால் பிடித்தாள். நாலு மாதத் தூசி கையில் வழுக்கியது. பிடித்த கை, ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனதாலோ என்னவோ, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

திரும்பியது. பூட்டின் நாக்கு உள்ளே போகும் 'க்ளிக்' கேட்டது. கதவு தானாக ஒரு விரல் அளவு உள்ளே நகர்ந்தது.

சாவி துளைக்குள் போகவே இல்லை.

அவள் கதவைத் தள்ளினாள். தைலமும் பழைய காகிதமும் கலந்த வாசனை. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே போய்த் திரும்பி, கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய பழுப்பு உருண்டை இருந்தது. கிட்டப் போனாள். ரப்பர் பேண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, குமிழ் தெரியாத அளவுக்குச் சுற்றியிருந்தன. அடியில் இருந்தவை இற்றுப் பிசுபிசுத்திருந்தன. மேலே இருந்தவை புதிது. எல்லாம் அவள் கடைப் பெட்டிகளிலிருந்து வந்தவை. நடுவில் பொத்தான் இருந்த இடத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை நாலைந்து மடிப்பாக ஒட்டி, பொத்தான் அழுந்தாதபடி செய்திருந்தது. பிளாஸ்திரியின் ஓரங்கள் கறுத்துப்போயிருந்தன. நேற்று முந்தாநாள் ஒட்டியதல்ல, வருடக் கணக்காயிருக்கும்.

பெரியவள் வருடக் கணக்காக இந்தக் கதவைப் பூட்டவே இல்லை.

பூட்டக்காவுக்கு இதைப் படிக்கத் துண்டுக் காகிதம் தேவைப்படவில்லை. இந்தப் பூட்டில் குளியலறைப் பூட்டு மாதிரி வெளியே கம்பி விடும் துளை கிடையாது. உள்ளே விழுந்தால், சின்னவள் வந்து தட்டினால், எழுந்து திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று பெரியவள் யோசித்திருக்கிறாள். யோசித்துப் பொத்தானை அடைத்திருக்கிறாள். பிறகு வெளியே வந்து, 'பூட்டிட்டேன்' என்று சொல்லியிருக்கிறாள். அவள் வீம்பு அவளுக்கு.

கதவைச் சாத்திவிட்டுச் சின்னவள் உள்ளே நின்றாள். விரல்களை மடக்கிக்கொண்டாள். மடக்கிய விரல்களால் குமிழைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுகளையும் இரண்டு பக்கமும் வைத்து அமுக்கி, உடம்பைச் சாய்த்துத் திருப்பினாள். ரப்பர் உரசியது. வெளியே நின்று கேட்ட அதே சத்தம். பாதியில் வழுக்கி, குமிழ் பழைய இடத்துக்கே போய்விட்டது. மறுபடி. இன்னொரு முறை. வலியில்லாத கைக்கே இத்தனை பாடு. வெளியே யாரோ டம்ளரோடு நிற்கிறார்கள். ஆறிப்போகிறது என்று கத்துகிறார்கள்.

"இரு, வந்துட்டேன்" என்றாள் சின்னவள்.

அன்று அந்த வீட்டில் பேசிய முதல் சொல் அதுதான். குரல் அவளுக்கே பெரியவளுடையது மாதிரி கேட்டது. நாலாவது முறையில் க்ளிக் கேட்டது. முழங்கையைக் கொடுத்து இழுத்தாள். கதவு திறந்தது. முன்னறையில் யாரும் இல்லை. வெயில் சதுரம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவள் நிலையில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அழுதாள்.

பிறகு எழுந்து முகம் கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள். போர்வையை உதறி வெயிலில் போட்டாள். வெளிப்பக்கக் குமிழின் தூசியைத் துடைத்தாள். உள்பக்கம் இருந்ததைத் தொடவில்லை. அது இருந்தபடி இருக்கட்டும்.

கடைக்கு வந்தபோது ஆணியண்ணன் இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். "ரெண்டு கையும் எடுத்து வச்சிருக்கேன். எதுவோ அதை எடுத்துக்குங்க."

அவள் இரண்டையும் எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள். "வேண்டாம். பூட்டு நல்லாத்தான் இருக்கு."

"மக்கர்னீங்களே?"

"திருப்பிப் பாக்காம சொல்லிட்டேன்."

"நீங்களா!" என்று சிரிக்கப் போனவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார். கொஞ்ச நேரம் திருகாணிகளைக் கிளறினார். பிறகு, பேச்சை அப்படியே விட மனமில்லாமல், "அது சரி, எந்தக் கைக் கதவு அது? அதையாவது பாத்தீங்களா?" என்றார்.

அவள் கொஞ்சம் தள்ளி நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. இடப்பக்கம் சாய்ந்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து, காற்றில் எதையோ அமுக்கி மெதுவாகத் திருப்பி, முழங்கையால் தன் பக்கம் இழுத்தாள்.

அவளோடு இத்தனை வருடமும் நின்று எத்தனையோ கைகளைப் பார்த்தவர்தான் ஆணியண்ணன். இந்தக் கை அவருக்குப் புரியவில்லை. "என்னக்கா, இழுக்கறீங்க? உள்ளேயிருந்தா திறக்கறீங்க?"

"ஆமா ஆணியண்ணே" என்றாள் அவள். "உள்ளேயிருந்து."